மத்தியானக் கூட்டம்

"அந்த மல்லம்மா நல்லா இருப்பாளா? நாசமாத்தான் போவா!"

இப்படிச் சபித்துக்கொண்டேதான் மகேஸ்வரி தினமும் ஷட்டரைத் தூக்குவாள். மைசூரின் நட்ட நடுவில், நாலு மாடி ஆபீஸ் காம்ப்ளெக்ஸின் கீழே, மெஸ் நடத்த லீசுக்கு எடுத்த கடை. முன்னால் மல்லம்மா நடத்திக்கொண்டிருந்தது.

கடை பார்க்க வந்த அன்று என்ன கூட்டம்! கழுத்தில் நீல டேக் தொங்க, ஆபீஸ்காரர்கள் தட்டை ஏந்தி நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். "லேட்டா வந்தா இங்க சோறு கிடைக்காது மேடம்" என்று ஒரு வழுக்கைத் தலைக்காரர் அலுத்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையில் கவிழ்ந்தவள்தான்.

கடை திறந்த பிறகுதான் தெரிந்தது, மேலே மூன்று மாடியும் பூட்டிக் கிடக்கிறதென்று. கம்பெனிகள் எப்போதோ ரிங் ரோடு பக்கம் போய்விட்டன. ஒரு நடை லிஃப்டில் ஏறிப் பார்த்திருந்தால் போதும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

வடித்த சோறு அப்படியே மிஞ்சியது. அட்வான்ஸோ, சொந்த ஊர் மார்டள்ளியில் இருந்த புன்செய்க் காட்டை விற்றுக் கொடுத்தது.

ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார். "லீஸ் முடியறதுக்கு முன்னால போறதா இருந்தா, உன் இடத்துக்கு ஒரு ஆளைக் கொண்டுவந்து விடு. இல்லன்னா அட்வான்ஸை மறந்துடு."

அது வராவிட்டால் மகள் ஜீவிதாவின் நர்சிங் படிப்பு பாதியில் நின்றுவிடும். ஃபீஸ் கட்டாமல் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று காலேஜில் சொல்லியாகிவிட்டது.

எப்படியோ ஒருத்தி அகப்பட்டாள். சகாயமேரி என்று பெயர். மறுநாள் மத்தியானம் வந்து பார்க்கிறேன் என்றாள்.

கடையைக் கழுவ ஆள் வேண்டுமே? அப்போதுதான் அந்த நம்பர் ஞாபகம் வந்தது. வெற்றிலை பாக்கோடு சாவியைக் கொடுத்த அன்று மல்லம்மா சொன்ன நம்பர். "பாப்பாத்தின்னு பேரு. வச்சுக்கோம்மா, ஒரு நாள் உதவும்." சொல்லும்போது மல்லம்மாவின் கண் கலங்கியிருந்தது. கடையை விட்டுப் போகிற துக்கம் என்று மகேஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

கூப்பிட்டாள்.

"கடை பார்க்க நாளைக்கு ஒருத்தங்க வர்றாங்க. வர முடியுமா?"

"வர்றோங்க்கா. எத்தனை பேர் வேணும்?"

"தட்டுக் கழுவ ஒருத்தி போதாதா?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "கழுவறதுக்கு இல்லீங்க்கா. சாப்பிடறதுக்கு."

"சாப்பிடறதுக்கா?" என்று மகேஸ்வரி கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

மறுநாள் வந்து இறங்கினார்கள். கழுத்தில் அதே நீல டேக். அதே வழுக்கைத் தலை.

"பாவிகளா, என் குடியைக் கெடுத்தது நீங்கதானா?"

பாப்பாத்தி அசரவில்லை. "கட்டட வேலை இல்லாத நாள்ல ஒரு வேளைச் சோத்துக்கு வர்றோங்க்கா. கடையை எடுங்கன்னு நாங்களா சொன்னோம்? பேடான்னா, வேண்டாம்னா சொல்லுங்க, போயிடறோம்."

வெளியே போங்க என்றிருக்க வேண்டும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? கை கரண்டியைத்தான் எடுத்தது.

சகாயமேரி வந்தபோது வாசல் வரை கூட்டம். "லேட்டா வந்தா இங்க சோறு கிடைக்காது மேடம்" என்று வழுக்கைத் தலை அலுத்துக்கொண்டது.

சகாயமேரி, மகேஸ்வரியைத் தனியே அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க நம்ம தமிழ். அதான் உங்களைக் கேக்கறேன். நஞ்சன்கூடு ஃபாக்டரில வீட்டுக்காரரை வேலையை விட்டு நிறுத்தினப்ப குடுத்த பணம். இதை விட்டா எங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. கடை ஓடுமா?"

எடுக்காதேடி, ஓடிப் போயிடு. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். வார்த்தை தொண்டை வரை வந்தது. கூடவே ஜீவிதாவின் முகமும் வந்தது.

"அதான் கண்ணால பாக்கறியேம்மா."

சகாயமேரியின் முகம் மலர்ந்துவிட்டது. "மாதா கண்ணைத் திறந்துட்டாக்கா. இருங்க, மேல ஆபீஸையும் ஒரு நடை பார்த்துட்டு வந்துடறேன்."

அவள் விரல் லிஃப்ட் பட்டனுக்குப் போனது.

மகேஸ்வரி ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள்.

"லிஃப்ட் ரிப்பேர்மா. மாடி எங்க ஓடிடப் போகுது? சோறு ஆறிடும், முதல்ல ஒரு வாய் சாப்பிடு வா."

சகாயமேரி வயிறாரச் சாப்பிட்டாள். மேலே போய்ப் பார்க்க மறந்தே போனாள். மகேஸ்வரிதான் அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அட்வான்ஸ் கைக்கு வந்தது. ஜீவிதா பரீட்சை எழுதுவாள்.

சாவி மாற்றுகிற அன்று மகேஸ்வரி வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக் கொடுத்தாள். சகாயமேரி குனிந்து அவள் காலைத் தொட்டாள். "கூடப் பிறந்த அக்கா மாதிரி கை தூக்கி விட்டீங்க."

மகேஸ்வரிக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஆட்டோ வரை போனவள், என்ன நினைத்தாளோ, திரும்பி வந்தாள். கண் கலங்கியிருந்தது. கடையை விட்டுப் போகிற துக்கம் என்று சகாயமேரி நினைத்துக்கொண்டாள்.

"ஒரு நம்பர் தரேன். பாப்பாத்தின்னு பேரு. வச்சுக்கோம்மா, ஒரு நாள் உதவும்."