கூடுதலா ஒரு ஐந்நூறு

கிழக்குத் தாம்பரத்துல கம்ப்யூட்டர் கிளாஸ் போய் ஜாவா கத்துக்கிட்டிருந்த ஜென்சி, மறுநாள் ப்ராஜெக்ட் காட்டணும். சாப்பிடுற கலோரியைக் கூட்டி, மொத்தம் மட்டும் சொல்ற ப்ரோக்ராம். சுகர் இருக்கிற புருஷன் எட்மண்டோட சாப்பாட்டைத்தான் ஒரு வாரமா அதுல ஏத்திக்கிட்டிருந்தா.

"என்னங்க, நான் போட்டது ஆயிரத்து நானூறு. இது ஆயிரத்துத் தொள்ளாயிரம்னு காட்டுது. தினம் இதே கூத்து!"

"கிளாஸ்ல கேட்டியா?"

"அங்க போட்டா சரியா வருது. நம்ம வீட்லதான் தப்பு. மொத்தத்தையும் அழிச்சிட்டுத் திருப்பி எழுதப் போறேன்."

"ஒரே நாள்ல எப்படிம்மா?"

"இல்லன்னா பெயிலுங்க!" கண்ணு கலங்கிடுச்சு. கை டெலிட் பட்டனுக்குப் போச்சு.

எட்மண்ட் கையைப் புடிச்சாரு. "அழிக்காத ஜென்சி. கணக்கு சரிதான். ஆபீஸ் விட்டு வர்றப்ப ஸ்டேஷன்கிட்ட மூணு பஜ்ஜி, ஒரு டீ. நீ சமையல்கட்டுல இருக்கறப்ப நான்தான் ஏத்தினேன்."

"எங்கிட்ட மறைச்சிட்டு, அதுல ஏன் ஏத்துனீங்க?"

"ஏத்தலன்னா உன் ப்ராஜெக்ட் தப்பாயிடுமேம்மா!"

"ஐயோ, அப்போ என் ப்ரோக்ராம் சரிதானா!"ன்னு ஜென்சி குதிகுதின்னு குதிச்சா.

குதிச்சு முடிச்சு மூச்சு வாங்கினப்புறம்தான் கேட்டா.

"என்னது, மூணு பஜ்ஜியா?"