மாமா விசாரித்த வயசு

பத்தொன்பது வயதில் போரில் இறந்துபோன தாய்மாமாவைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று பல் டாக்டர் ஒருத்தி விடுப்பு எடுத்தாள். முதலில் பெரியம்மாவிடம் போனாள்.

"நேத்துதான் ஒரு பட்டாளத்துப் பையன் வந்தான்டி. அச்சு அசல் செத்துப்போன என் தம்பி ஜாடை. நம்ம குடும்பத்துல இப்ப பத்தொன்பது வயசுல யாரு இருக்கான்னு கேட்டான். எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? உன் சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

சித்தி வீட்டுக்கும் அவன் வந்து போயிருந்தான். வேகாத வெயிலில் வந்தவன் தண்ணீர்கூட வேண்டாம் என்றானாம்.

"பத்தொன்பதுன்னா உன் மகன்தான்னு சொன்னேன். ஏன்டி முகம் இப்படிப் போகுது?"

மகன் போனை எடுக்கவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு ஓடினாள். கணவர் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க சொந்தத்துல பட்டாளத்துக்காரன் இருக்கான்னு சொல்லவே இல்லையே! நம்ம பய அவனோட நல்லா ஒட்டிக்கிட்டான். இப்பத்தான் ரெண்டு பேரும் கிளம்பினாங்க."

தெருமுனையில் இரண்டு முதுகுகள் தெரிந்தன. மகனின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவன் திரும்பவில்லை. இருவரின் கால்களும் ஒன்றாக எழுந்து ஒன்றாகத் தரையில் பட்டன. ஒருவன் நடக்கும் சத்தம்தான் கேட்டது.