எட்டிக்கண்டிகைக்குத் தண்ணீர் வந்தது

“திருடனுக்கு கட்அவுட் வெச்சிருக்கானுங்க, பாத்தியா லீனா?”

காரை நிறுத்திய ஜோனத்தான் பற்களைக் கடித்தான். புத்தூர் தாண்டியதிலிருந்து அவன் இதையேதான் புலம்பிக்கொண்டு வந்தான். அவன் பிறந்த எட்டிக்கண்டிகையின் முகப்பில், பனை உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார் சென்னைப் பேராசிரியர் கோவர்த்தனன். ‘எங்கள் தண்ணீரில் இருந்த விஷத்தைக் கண்டுபிடித்த அறிஞரே, வருக!’ என்று தெலுங்கிலும் தமிழிலும் எழுதியிருந்தது.

“கத்தாதீங்க. நம்ம வீட்டு விசேஷம் மாதிரி நினைச்சு வாங்க,” என்றாள் லீனா.

“எப்படிக் கத்தாம இருக்கிறது? கண்டுபுடிச்சது நீ!”

பொய்யில்லை. திருப்பதியில் ஒரு கல்லூரியில் நிலவியல் துறை இணைப் பேராசிரியை லீனா. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், மாமனாரின் உள்ளங்கை கருங்கல் போலச் சொரசொரத்துக் கிடப்பதையும், மார்பில் மழைத்துளி தெறித்த மாதிரி கரும்புள்ளிகள் இருப்பதையும் பார்த்தாள். வெயிலில் உழைக்கிற உடம்பு என்றது ஊர். தோல் வியாதி என்று களிம்பு கொடுத்தார் டாக்டர். லீனா மட்டும்தான், “எந்த போர் தண்ணி குடிக்கிறீங்க மாமா?” என்று கேட்டாள்.

அன்று பிடித்த வேலை. பூமிக்கடியில் பாறையில் இருக்கும் ஆர்செனிக் என்ற விஷம், ஆழ்துளைக் கிணறுகளில் கரைந்து வருவதை ஒவ்வொரு கிணறாகச் சோதித்து நிரூபித்தாள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே திருப்பதி திரும்புவாள். மகன் பென்னி வயிற்றில் இருந்தபோதும் அப்படித்தான். வீட்டு ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்கு இடமிருக்காது. கூடப் படித்தவர்கள் எல்லாம் சுரங்கக் கம்பெனிகளுக்கு ஆராய்ச்சி செய்து எங்கோ போய்விட்டார்கள். மாமனார் புற்றுநோயில் இறந்த பிறகும் அவள் இந்தச் சுற்றுவட்டாரத்தை விடவில்லை.

போன வருஷம் கோவர்த்தனன் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. அதே கிணறுகள், அதே வரைபடம். டிவிக்காரர்கள் ஓடி வந்தார்கள். விஷக் கிணறுகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து மூடினார்கள். தொலைவில் நல்ல தண்ணீர் இருக்கும் இடத்திலிருந்து ஊருக்குக் குழாய் பதித்தார்கள். லீனாவுக்குக் கிடைத்தது, பதவி உயர்வு நேர்காணலில் ஒரு கேள்விதான்: “கோவர்த்தனன் சார் செஞ்சதைத்தானேம்மா நீங்களும் செஞ்சிருக்கீங்க?”

அதற்கும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள் இவள். கேஸ் போடலாம் என்று ஜோனத்தான் குதித்தபோது, “அவரு நல்ல மனுஷன், விடுங்க,” என்றதோடு சரி.

மேடையில் ஓர் அதிகாரி கோவர்த்தனன் புகழைப் பாடிக்கொண்டிருந்தார். உடல்நலம் சரியில்லாததால் பேராசிரியர் வரவில்லையாம். கூட்டத்தின் ஓரத்தில் லீனா நிற்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. பெண்கள் குடத்தோடு முண்டியடித்தார்கள். ஜோனத்தானின் தங்கை தபிதா ஒரு சொம்பு நிறையப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“அண்ணி, குடிச்சுப் பாருங்க! கல்கண்டு மாதிரி கீது. நைனா இருந்து குடிச்சிருக்கணும்…”

லீனா வாங்கிக் குடித்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கைப்பையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, பிள்ளை மாதிரி குழாயடிக்கு ஓடினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை ஜோனத்தான் அதுவரை பார்த்ததில்லை. பைத்தியக்காரி, எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டுச் சிரிக்கிறாளே என்று முணுமுணுத்தான்.

கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்தான்.

“லீனா மேடம், கோவர்த்தனன் பேசுறேன். தண்ணி வந்துடுச்சாம்மா?”

ஜோனத்தானுக்கு ரத்தம் தலைக்கேறியது. “நான் அவங்க வீட்டுக்காரன். ஒருத்தி ராவும் பகலும் பாடுபட்டுக் கண்டுபுடிச்சத உங்க பேர்ல போட்டுக்கினு உக்காந்துகினு கீறீங்களே, வெக்கமா இல்ல உங்களுக்கு?”



“இருக்கு சார். அதனாலதான் மேடையேற வரல. ஒவ்வொரு கிணத்தையும் நானே வந்து திரும்பச் சோதிச்சேன். மேடம் சொன்னதுல எள்ளளவும் தப்பில்ல. இப்பவாவது உண்மையைச் சொல்லிடட்டுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

“எந்த உண்மைய?”

“அந்தக் கட்டுரையை எழுதி, என் பேரைப் போட்டு அனுப்பினதே மேடம்தான். ‘புருஷன் ஊருக்குக் குழாய் வாங்கத்தான் அந்தம்மா பொய்க் கணக்குக் காட்டுது’ன்னு சொல்லி, அதிகாரிங்க யாரும் அவங்க ரிப்போர்ட்டைத் தொடவே இல்ல. ‘வெளியாள் பேர்ல வந்தா நம்புவாங்க சார், எனக்குப் பேரு வேணாம், தண்ணி வந்தா போதும்’னு கையெடுத்துக் கும்பிட்டாங்க.”

ஜோனத்தான் குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கோவர்த்தனன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க சார்… ‘தன் ஊராலதான் என் பேச்சு எடுபடலன்னு தெரிஞ்சா எங்க வீட்டுக்காரரு மனசு தாங்காது’ன்னு, உங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க.”