கீழே விடாத கைகள்

வேலை முடிந்ததும் தபால் ஆபீஸ்காரி, தையல்காரி அக்கா, நர்ஸ் மூன்று பேரும் பள்ளிக்கூட ஹாலில் நடனம் பழகக் கூடிவிடுவார்கள். அங்கே வாயால் திருத்துகிற பேச்சே கிடையாது, எல்லாம் கையால்தான். தபால் ஆபீஸ்காரி தலையைத் தொங்கப் போட்டால் தையல்காரி அக்கா மோவாயை நிமிர்த்துவாள்; ஊசி குத்திக் குத்தி அந்த விரல் நுனி சொரசொரவென்று இருக்கும். முதுகு வளைந்தால் நர்ஸின் சில்லென்ற உள்ளங்கை வந்து ஒட்டிக்கொள்ளும். இத்தனை வருஷத்தில் ஒருத்தரை ஒருத்தர் கீழே விட்டதே இல்லை.

தபால் ஆபீஸ்காரிக்கு முழங்கால் வீங்கியது. இனி ஆட்டம் கூடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை வீட்டில் தனியாக அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அவள் தையல்காரி அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சொல்லுடி, தைச்சுக்கிட்டேதான் இருக்கேன்." தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நான் இனிமே வரலைக்கா. முட்டி சுத்தமா போச்சு."

"அதுக்கென்ன? உடம்பைவிட ஆட்டமா பெருசு? நல்லா ரெஸ்ட் எடு."

சொரசொரப்பான ஒரு விரல் அவள் மோவாயை நிமிர்த்தியது.

முதுகில் சில்லென்று ஓர் உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. இன்னொன்று, அதுவும் சில்லென்று, வீங்கிய முழங்காலைப் பிடித்து மெல்ல மடக்கியது.

"அக்கா, விட்டுடச் சொல்லுங்கக்கா..."

"யாரைடி?" மிஷின் நின்றது. விரல் நிற்கவில்லை.

பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கையை யாரோ பதமாகத் தோள் உயரத்துக்குத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக அழகாக விரித்துவிட்டார்கள்.