பதினோராயிரம் பெயர்கள்

"ஒங்க பேரு இதுல இல்லம்மா."

சுபாஜினி சொன்னதும் இராக்கம்மா மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா பாரு தாயி. எங்க லயத்துக்குப் பின்னாலதான் மண்ணு சரிஞ்சு கெடக்கு. வந்து எழுதிக்கிட்டுப் போனாங்களே!"

"அடையாள அட்டை நம்பரையே ஃபில்டர்ல அடிச்சுப் பாத்துட்டேன். ரெண்டு தரம் பாத்துட்டேன். வரலயேம்மா."

மண்சரிவு அபாயமுள்ள லயங்களில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கு வீடு கட்டக் காணி. பதுளை அலுவலகத்துக்கு வந்து, பதினோராயிரம் பேர் கொண்ட பட்டியலில் தன் பெயரைக் காட்டி, இன்று நாலு மணிக்குள் கையெழுத்து வைத்தால்தான் உண்டு. மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

பக்கத்து மேசையில் இரகுநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பட்டியலை எட்டு வருடமாகக் கணினியில் ஏற்றிப் பாதுகாத்தவர் அவர். வேகம் போதாது என்று இன்று காலைதான் அதைச் சுபாஜினியிடம் கொடுத்திருந்தார்கள். அவள் ஃபில்டரில் எண்ணைத் தட்டித் தட்டி ஆட்களை நொடியில் அனுப்பிக்கொண்டிருந்ததைக் காலையிலிருந்து வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரயிலைப் பிடிக்கிற அவசரம். உப்பிடித்தான் முடியும்" என்றார் சுவரைப் பார்த்து. பிறகு, "இஞ்ச வாங்கோ அம்மா. எந்தத் தோட்டம்?"

"நமுனுகுல பக்கங்க ஐயா. மேல் டிவிஷன்."

தன் கணினியிலும் இருந்த அதே பட்டியலில் அந்தத் தோட்டம் தொடங்கும் இடத்துக்குப் போய், கோடு போடும் அடிமட்டத்தைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினார்.

வரிசையில் நின்ற ஒருவன் சிரித்தான். "இவரு தேடி முடிக்கிறதுக்குள்ள மத்த மலையும் சரிஞ்சிரும்!"

இரகுநாதன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று முப்பத்தைந்துக்கு அடிமட்டம் நின்றது.

"இராக்கம்மா. தம்பையாவின்ர மனைவி. மூண்டு பிள்ளையள். சரியோ?"

"ஆமாங்க! ஆமாங்க ஐயா!"

அவர் சொன்ன வரி எண்ணைக் குறித்துக்கொண்டு சுபாஜினி படிவத்தை நீட்டினாள். கையெழுத்து வைத்து முடித்ததும், இராக்கம்மா இரகுநாதனின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு அழுதாள்.

"மழ பேஞ்சா புள்ளைகள மடியில போட்டுக்கிட்டு விடிய விடிய முழிச்சிருப்பேங்க சாமி. நீங்க நல்லா இருக்கணும்." பிறகு சுபாஜினி பக்கம் திரும்பினாள். "படிச்ச புள்ள, இப்படி இல்லேன்னு சொல்லிருச்சே!"

சத்தம் கேட்டு அதிகாரி ஸைனப் வெளியே வந்தார்.

"என்ன சுபாஜினி, இருக்கிற பேரை இல்லண்டு அனுப்பப் பாத்தீங்களா? இதென்ன விளையாட்டா? நாளையில இருந்து பட்டியல் சார்கிட்டயே இருக்கட்டும்."

"சொரி மேடம். என் பிழைதான்."

இரகுநாதனுக்கு உள்ளே குளிர்ந்தது. அடுத்த நிமிடமே உறுத்தவும் செய்தது. மகள் வயதுப் பிள்ளை எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்குகிறாள். அதில் எனக்கென்ன சந்தோஷம்? நான் இவ்வளவுதானா?

இராக்கம்மா கும்பிட்டுவிட்டுப் போனதும், ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று சுபாஜினி பக்கம் திரும்பினார். அவள் பட்டியலில் எதையோ அவசரமாக அழித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை அழிக்கிறியள்?"

"ஒண்ணுமில்ல சார்."

"பரவாயில்லை, சொல்லுங்கோ."

"வெறும் வரிங்க சார். ஒரு தோட்டம் முடிஞ்சு அடுத்தது தொடங்குற எடத்துல ஒவ்வொரு வரி வெறுமனே கெடக்கு. ஃபில்டர் மொதல் வெறும் வரியோட நின்னுரும், அதுக்குக் கீழ இருக்கிறவங்கள பாக்காது. காலையில வந்தவங்க எல்லாம் மொதல் தோட்டத்து ஆளுங்க. அதான் எனக்கும் வெளங்கல. இன்னும் ஆளுங்க வருவாங்க, அதுக்குள்ள எடுத்துடுறேன்."

தோட்டத்துக்குத் தோட்டம் இடைவெளி விட்டால் பார்க்க வடிவாக இருக்கும் என்று, எட்டு வருடத்துக்கு முன் அந்த வரிகளை விட்டவர் இரகுநாதனேதான்.

"எப்ப கண்டுபிடிச்சனீங்கள்?"

"நீங்க சொன்ன வரி எண்ணப் பாத்தப்பவே."

"அப்ப மேடம் ஏசேக்கையாவது சொல்லியிருக்கலாமே, பிள்ளை?"

சுபாஜினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த அம்மா ஒங்க கையப் புடிச்சு அழுதுகிட்டு நின்னாங்களே சார். அந்த நேரத்துல அத எப்படிங்க சொல்றது?"

இரகுநாதன் எழுந்து ஸைனப் மேடத்தின் அறைக்குப் போனார். "மேடம், பிழை விட்டது நான்" என்று தொடங்கினார், கதவைச் சாத்தாமலே, வெளியே வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.