பால் பல் என்றார்கள்

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது மணி ஒன்று. செங்கமலம் ஓடிப்போய்ப் பார்த்தால், ஒன்பது வயது மகள் இளவேனில் வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலை பத்து மணிக்கே படிக்கட்டில் விழுந்து, மேல் முன்பல் வேரோடு வந்துவிட்டதாம்.

"பால் பல்லுதானேம்மா, முளைச்சிரும்" என்று தலைமையாசிரியை ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். "சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவி வெச்சிருக்கோம்."

பேசினால் கை நீண்டுவிடும் போலிருந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு பல் மருத்துவரிடம் ஓடினாள்.

"இது நிரந்தரப் பல்லும்மா" என்றார் அவர். "தேய்க்காம பால்ல போட்டு உடனே கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். இப்ப வெச்சுக் கட்டுறேன். நிக்கும்னு சொல்ல முடியாது."

அங்கிருந்து செங்கமலம் மகளோடு நேரே பள்ளிக்கு வந்து தலைமையாசிரியையின் அறையில் உட்கார்ந்தாள்.

"மூணு மணி நேரம் ஏன் கூப்பிடல?"

"பரீட்சை நடந்துச்சும்மா" என்றார் தலைமையாசிரியை. "பாப்பா அழாம சமத்தா எழுதினா."

இளவேனில் கம்பி கட்டிய வாயைச் சிரமப்பட்டுத் திறந்தாள். "அழுதா வெளிய நிக்க வெப்பேன்னு கிளாஸ் மிஸ் சொன்னாங்கம்மா."

செங்கமலம் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துத் தலைமையாசிரியைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.