திங்கட்கிழமைச் சிரிப்பு

மேலாளர் ஜோக்கைச் சொல்லி முடித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அறையில் கரண்ட் போனதுபோல் ஆகிவிட்டது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. அவள் சேர்ந்ததிலிருந்து திங்கள் காலைக் கூட்டம் ஒரே மாதிரிதான் முடியும். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் மக்கர் பண்ணுகிறது, யார் போவது என்றெல்லாம் பேசி முடித்ததும் மேலாளர் தொண்டையைச் செருமுவார். ஒரு ஜோக் வரும். புகார் போன்களை எடுக்கிற அவள்தான் முதலில் சிரிப்பாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலேயே எல்லோரும் எழுந்துவிடுவார்கள். கூட்டம் முடிந்தது என்று யாரும் வாயால் சொன்னதே கிடையாது.

இன்று ஒருவரும் எழவில்லை.

மெக்கானிக்குகள் அவளையே பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த கணக்குப் பார்க்கும் அக்கா, மேசைக்கடியில் அவள் காலை ஒரு மிதி மிதித்தாள்.

பழைய ஆளாக இருந்தால், மிதி வாங்கிய அவளே சாரி கேட்டிருப்பாள். அந்தப் பழக்கத்தைப் போன மாதமே விட்டாயிற்று.

அதற்கு முன்னால் அவள் சேர்த்துப் பார்க்காத நல்ல பழக்கம் இல்லை. விடியற்காலையில் எழுந்தாள், ஆபீஸில் தூங்கி விழுந்தாள். தியானத்துக்கென்று ஒரு ஆப் இறக்கினாள்; மூச்சை இழு, மூச்சை விடு என்று அது அதட்டியதில் கோபம்தான் வந்தது. போங்கடா என்று ஒருநாள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாள். இனிமேல் எதையும் சேர்ப்பதில்லை. இருப்பதில் வேண்டாததைக் கழிப்பது மட்டும்தான்.

முதலில் சாரி போனது. பிறகு, படுக்கும்போது பெரியப்பா மகளின் கல்யாணப் படங்களைப் பார்த்துப் பொருமுவது போனது. இரண்டும் போனதில் உடம்பே லேசாகி, நடக்கும்போது கால் தரையில் பாவாததுபோல் இருந்தது.

அடுத்து இந்தச் சிரிப்பு.

இது அவளுடைய சிரிப்பே இல்லை. அப்பாவுடையது. அப்பா ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டினார். பின் சீட்டில் முதலாளி யாருக்கோ போனில் ஜோக் சொன்னால்கூட, முன் சீட்டில் அப்பா சிரித்துவிடுவார், பாதி காதில் விழாமலே. வீட்டில் முதலில் டிகிரி முடித்தவள் இவள். டிகிரி இவள் வாங்கியது. சிரிப்பு அப்பா கொடுத்தது.

வேலை நிரந்தரமா இல்லையா என்று மேலாளர் இன்றைக்குச் சொல்ல வேண்டும். உனக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும். நாளைக்கு விடுகிறேன் என்று சொல்லி எந்தப் பழக்கம் போயிருக்கிறது?

ஜோக் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மேலாளர் அதை இன்னொரு தடவை சொன்னார்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன் போன் பண்றான். நம்மாளு, 'கவலைப்படாதீங்க சார், படி வழியா இறங்கிடுங்க'ங்கறான்."

ஏ.சி. மட்டும் உறுமியது.

வினை அப்போதுதான் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜோக்குக்கு இல்லை. ஊர் லிஃப்டையெல்லாம் திறந்துவிடுகிற ஒரு கூட்டமே வெளியே போக வழி தெரியாமல் அறைக்குள் மாட்டிக்கொண்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அழகுக்கு.

உதட்டைக் கடித்தாள். தொடையைக் கிள்ளினாள். சோகமாக எதையாவது நினைப்போம் என்று செத்துப்போன தாத்தாவை நினைத்தாள். பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

"ஏம்மா, நல்லா இல்லையா?" என்றார் மேலாளர்.

'நல்லாருக்கு சார்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"இல்ல சார். ஒரு வாரம்கூட நல்லா இருந்ததில்ல."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, வேலை போச்சு என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனால் பயம் வர வேண்டிய இடத்தில் என்னவோ ராட்டினத்தில் உச்சிக்குப் போனதுபோல் இருந்தது.

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியில் அப்படியே சாய்ந்தார்.

"அப்பாடா," என்றார். "சேர்ந்த அன்னைக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தே. எங்க மத்தியானமே ஓடிப்போயிடுவியோன்னு ஒரு ஜோக்கை எடுத்துவிட்டேன். நீ விழுந்து விழுந்து சிரிச்சே. அதுக்கப்புறம் நான் எப்படிம்மா நிறுத்தறது? ஞாயித்துக்கிழமை ஆனாலே ஜோக் தேடி அலையறேன்."

மேலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"உன் வேலை நிரந்தரம்னு போன வாரமே முடிவாயிடுச்சு. அதையும் ஜோக்காதான் சொல்லணுமாக்கும்னு ராத்திரி பூரா தூங்கல. இந்தா, சும்மாவே சொல்லிட்டேன்."

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது உடைந்தது. பன்றிக்குட்டி கத்துவதுபோல் மூக்கால் ஒரு சத்தம், அதன்பின் இன்னொன்று. இவளிடமிருந்து இப்படி ஒரு சிரிப்பை அந்த ஆபீஸ் கேட்டதே இல்லை. அக்கா பயந்துபோய் முதுகைத் தட்டினாள்.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய, மேலாளரிடம் ஒன்றைச் சொல்லிவிடலாமா என்று அவள் யோசித்தாள். வேண்டாம், பாவம், மனுஷன் இப்போதுதான் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்.

சேர்ந்த அன்று அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை. புதுச் செருப்பு குதிகாலைக் கடித்திருந்தது.